புனக்காடு: எரித்த இடத்துக்கே திரும்பி வரும் விவசாயம்

பள்ளியில் சமூக அறிவியல் பரீட்சைக்குப் 'பொருத்துக' மனப்பாடம் செய்தவர்களுக்கு இந்த வரிசை ஞாபகம் இருக்கும். ஜூம் – அசாம். பொடு – ஆந்திரா, ஒடிசா. பேவார் – மத்தியப் பிரதேசம். பொன்னம் – கேரளா. எப்படிக் கலைத்துப் போட்டுக் கேட்டாலும் மார்க் உறுதி. அதற்கு விளக்கம் என்று புத்தகத்தில் இருந்தது ஓரிரு வரிதான்: மலைவாழ் மக்கள் காட்டை வெட்டி எரித்துப் பயிர் செய்வார்கள், மண் வளம் குறைந்ததும் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள். படித்தோம், எழுதினோம், மற்றதெல்லாம் மறந்துபோச்சு, இந்த வரி மட்டும் மண்டையில் தங்கிவிட்டது. இன்றைக்கும் வடகிழக்கில் ஒரு மலை கருகிக் கிடக்கிற படம் வாட்ஸ்அப்பில் வந்தால், "இவங்க இப்படியே எரிச்சிக்கிட்டே போனா காடு எங்க மிஞ்சும்" என்று குடும்ப குரூப்பில் ஒரு சித்தப்பாவாவது எழுதிவிடுகிறார்.

அந்த வரியில் பாதிதான் சரி. வெட்டுகிறார்கள், எரிக்கிறார்கள், ஓரிரு வருஷத்தில் அந்த இடத்தை விட்டு நகர்கிறார்கள், இதெல்லாம் உண்மை. சில வருஷம் கழித்து அதே இடத்துக்குத் திரும்பி வருகிறார்கள் என்பதைப் புத்தகம் சொல்லாமல் விட்டுவிட்டது. விட்டுப்போனது ஏதோ சின்ன விவரம் என்றால் பரவாயில்லை, இந்த விவசாயமே அதில்தான் இருக்கிறது.

இந்தக் கட்டுரை அதைப் புதிதாகக் கேள்விப்படுகிறவர்களுக்கானது. மண்ணியலும் சூழலியலும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தொட்டிச் செடிக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றியிருந்தால் போதும்.

## முதலில் பெயர்

பாடப்புத்தகம் இதை 'இடப்பெயர்வு வேளாண்மை' என்கிறது. இலங்கைத் தமிழில் 'சேனைப்பயிர்ச்செய்கை'. வடகிழக்கில் பொதுவாக ஜூம். பொது அறிவுக் கையேடுகளில் வருகிற அந்தப் 'பொன்னம்' இருக்கிறதே, அது வேறொன்றுமில்லை, மலையாளத்தில் இன்றைக்கும் வழங்குகிற 'புனம்'தான். நம்முடைய தினைப்புனத்தில் இருக்கிற அதே புனம். ஆங்கில எழுத்துக்குள் போய்த் திரும்பி வந்ததில் உருமாறி, நமக்கே அடையாளம் தெரியாமல் மதிப்பெண்ணுக்கான சொல் ஆகிவிட்டது.

ஆகவே நான் இதைப் புனம் என்றே சொல்லப்போகிறேன். மலைச்சரிவில் ஒரு துண்டுக் காட்டை வெட்டி, உலரவிட்டு, எரித்து, சாம்பலோடு இருக்கிற மண்ணில் உழாமல் விதைத்து, ஒன்றிரண்டு வருஷம் பயிர் செய்து, பிறகு பல வருஷம் காடாக வளரவிட்டு, மறுபடி அங்கேயே வந்து வெட்டுவது. இவ்வளவுதான் புனம். காடாக விட்டுவைத்திருக்கிற அந்தப் பல வருஷத்துக்குத் தரிசுக்காலம் என்று பெயர். ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையே ஆகிற மொத்தக் காலம் ஒரு சுழற்சி.

முறைப்பாசனம் தெரிந்தவர்களுக்கு இது எளிது. அணையில் தண்ணீர் குறைவாக இருந்தால் இந்த வாரம் ஒரு வாய்க்காலுக்கு, அடுத்த வாரம் இன்னொரு வாய்க்காலுக்கு என்று முறை வைத்துத் திறப்பார்கள். உங்கள் வாய்க்கால் இந்த வாரம் காய்ந்து கிடந்தால் 'இவன் வயலைக் கைவிட்டு ஓடிவிட்டான்' என்று யாரும் சொல்வதில்லை, முறை வரவில்லை என்றுதான் சொல்வார்கள். புனத்தில் தண்ணீருக்குப் பதில் உழைப்பு முறை வைத்துச் சுற்றுகிறது. காடாகக் கிடக்கிற துண்டுக்கு இன்னும் முறை வரவில்லை, அவ்வளவுதான்.

## சத்து எங்கே இருக்கிறது?

எதற்கு எரிக்க வேண்டும், உழுது எரு போட்டால் ஆகாதா என்று கேட்கத் தோன்றும். சமவெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு நியாயமான கேள்விதான்.

நமக்கு வளம் என்றால் மண்ணில் இருப்பது. ஆற்று வண்டல், கரிசல், தொழுவுரம் எல்லாம் கீழே இருக்கிறது, வேர் எடுத்துக்கொள்கிறது. மழை கொட்டித் தீர்க்கிற வெப்பமண்டல மலைகளில் கதையே வேறு. அங்கே மண்ணில் இருக்கிற கரையும் சத்துகளை மழை வருஷா வருஷம் கழுவிக்கொண்டு போகிறது. மிஞ்சுகிற மண் புளிப்பேறியது, அதாவது அமிலத்தன்மை கூடியது. ஆனால் அதன்மேல் பிரமாண்டமான காடு நிற்கிறது, அதெப்படி? விழுகிற இலை மக்கி மண்ணுக்குள் இறங்குவதற்குள் வேர்கள் அதை மேலே இழுத்துக்கொள்கின்றன. சத்தின் பெரும்பங்கு மரத்திலும் இலையிலும் கொடியிலும் இருக்கிறது. பழைய வீடுகளில் பூனைக்குப் பயந்து தயிரை உறியில் தொங்கவிட்டிருப்பார்களே, அந்த மாதிரி. தரையில் தேடினால் ஒன்றும் இருக்காது.

அந்த உறியைக் கீழே இறக்குவதற்குத்தான் நெருப்பு.

வீட்டு விறகடுப்புச் சாம்பலைப் பாட்டிமார் வாழைக்கும் முருங்கைக்கும் கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். விவசாயத் துறை பயிர்ச்சத்துகளுக்கு வைத்திருக்கிற தமிழ்ப் பெயர்களில் மூன்றாவது என்ன? தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து. பெயரே சொல்லிவிடுகிறது. மரம் எரிந்தால் சாம்பல் சத்தும், சுண்ணாம்புச் சத்தும், மணிச்சத்தில் ஒரு பங்கும் சாம்பலில் தங்குகின்றன. கூடவே சாம்பல் காரத்தன்மை உள்ளது என்பதால் மண்ணின் புளிப்பை முறிக்கிறது. மேல்மண்ணில் கிடக்கிற களை விதைகளும் பூச்சி முட்டைகளும் சூட்டில் கருகுகின்றன. சுண்ணாம்பு போட்டு, உரம் போட்டு, களைக்கொல்லி அடிக்க வேண்டிய மூன்று வேலையை ஒரே மத்தியானத்தில் தீ செய்துவிடுகிறது.

நஷ்டமும் உண்டு, மறைக்க வேண்டாம். தழைச்சத்தில் பெரும்பகுதி புகையோடு புகையாக மேலே போய்விடுகிறது. அதைத் திரும்பச் சேர்ப்பதற்குத்தான் அந்த நீண்ட தரிசுக்காலம்.

எரிப்பது என்றால் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டுவிட்டு வருவது இல்லை. மிசோரமில் குளிர்காலத்திலேயே வெட்டிவிடுவார்கள். வெட்டிய மூங்கிலும் மரமும் சரிவில் கிடந்து காயும். காய்கிற வரை கையில் வேலை இல்லை, அந்த இடைவெளியில்தான் மார்ச்சில் சப்சார் குட் என்ற பண்டிகை வருகிறது. நமக்குப் பொங்கல் அறுவடையை ஒட்டி வருகிற மாதிரி, அவர்களுக்கு வெட்டி முடித்த களைப்பை ஒட்டி ஒரு திருவிழா. பிறகு புனத்தைச் சுற்றி ஒரு பட்டை அளவுக்குச் சருகு துளி இல்லாமல் கூட்டிவிட்டு, காற்றின் போக்கைப் பார்த்து, ஊரே காவல் நிற்கத் தீ வைப்பார்கள். சீக்கிரம் எரித்தால் அரைகுறையாக எரியும், தாமதித்தால் மழை பிடித்துக்கொள்ளும், அந்த வருஷம் பட்டினிதான். ஆகவே நாள் குறிப்பது ஊர்ப் பெரியவர்கள் பொறுப்பு.

## அப்புறம் ஏன் விட்டுவிட்டுப் போகிறார்கள்?

'வளம் தீர்ந்தது, கிளம்பினார்கள்' என்பது புத்தகப் பதில். வளம் குறைவது உண்மைதான், ஆனால் பல இடங்களில் அவர்களை முதலில் விரட்டுவது களை. முதல் வருஷம் தீயில் பிழைத்த களை கொஞ்சம்தான். இரண்டாம் வருஷம் காற்றும் பறவையும் கொண்டுவந்து போட்டது எல்லாம் முளைக்கும். மூன்றாம் வருஷம் புல் ஏறிவிடும். சரிவான மலையில் குனிந்து உட்கார்ந்து கையால் களை பறிக்க வேண்டும், அதுவும் பெரும்பாலும் பெண்கள். ஒரு கட்டத்தில் இந்தத் துண்டில் இன்னொரு வருஷம் களை எடுப்பதைவிட அடுத்த துண்டை வெட்டுவது லாபம் என்றாகிவிடுகிறது. சோம்பேறித்தனம் என்று அந்தக்கால அதிகாரிகள் எழுதிவைத்தார்கள். கூலிக் கணக்குப் பார்க்கத் தெரிந்த எவரும் அதைத்தான் செய்வார்கள்.

விட்டுப்போன துண்டில் அந்தக் களை என்ன ஆகிறது? மரம் எழும்பி நிழல் விழுந்ததும் வெயில் இல்லாமல் தானாகச் சாகிறது. சம்பளம் இல்லாத களையெடுப்பு.

## மொட்டைக்கும் வழுக்கைக்கும் உள்ள வித்தியாசம்

புனத்துக்கு மரத்தை வெட்டும்போது அடியோடு பிடுங்குவதில்லை. முழங்கால் உயரத்துக்கோ இடுப்பு உயரத்துக்கோ அடிக்கட்டையை விட்டுவிடுவார்கள். சில பெரிய மரங்களைக் கிளை மட்டும் கழித்து நிறுத்திவைப்பார்கள். உழுவதில்லை என்பதால் வேர்களும் அப்படியே இருக்கின்றன. விதைக்கிறவர் கூரான குச்சியாலோ சின்னக் கொத்தாலோ ஒரு குழி போடுவார், நாலு விதை, காலால் மண்ணைத் தள்ளிவிட்டு அடுத்த அடி.

பழனியில் மொட்டை போட்டுவிட்டு வருகிற பிள்ளைக்கு மூன்று மாதத்தில் முடி வளர்ந்துவிடுகிறது, ஏனென்றால் வேர் உள்ளே இருக்கிறது. புனமும் மொட்டைதான். அடுத்த மழைக்கே கட்டையின் பக்கவாட்டில் துளிர் விடும். இதை மறுதுளிர்ப்பு என்று சொல்லலாம். விதை விழுந்து, முளைத்து, ஆடு மாடு கடிக்காமல் பிழைத்து வருவதைவிட இது எத்தனையோ மடங்கு வேகம், பழைய வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருக்கிறதே. அந்த ஆழத்தில் இருந்துதான் கீழே போன சத்தை மரம் மறுபடி மேலே இழுத்து உறியில் வைக்கிறது.

புல்டோசர் வைத்து வேரோடு கிளறி எடுத்த நிலம் வழுக்கை. அங்கே மறுதுளிர்ப்புக்குக் கட்டையே இல்லை. முதல் நாள் புகைப்படத்தில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும் என்பதுதான் தொல்லை.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: மழை மலைகளில் சத்து மரத்தில் இருக்கிறது, தீ அதைச் சாம்பலாகக் கீழே கொண்டுவருகிறது, பயிர் அதை ஓரிரு வருஷம் எடுத்துக்கொள்கிறது, களை பெருகியதும் நிலத்தைக் காட்டிடம் கொடுத்துவிடுகிறார்கள், காடு களையைக் கொன்று சத்தை மறுபடி சேர்க்கிறது. காடு இங்கே விவசாயத்துக்கு எதிரி இல்லை, அதுவே உரக்கிடங்கு.

## ஒரே புனத்துக்குள் நாற்பது பயிர்

புனத்துக்குள் நுழைந்தால் முதலில் தோன்றுவது 'என்ன இப்படிக் காடு மாதிரி கிடக்கிறது' என்பதுதான். நெல்லோ தினையோ கேழ்வரகோ நிற்கும், அதன் நடுவே சோளம், கட்டையில் ஏறின அவரைக்கொடி, தரையில் வெள்ளரியும் பூசணியும், ஓரத்தில் துவரை, மிளகாய், எள், மண்ணுக்குள் சேம்பும் வள்ளிக்கிழங்கும். வரிசை கிடையாது. பிலிப்பைன்ஸின் மிண்டோரோ தீவில் ஹனுனோ மக்களோடு தங்கி 1950களில் ஆராய்ந்த மானுடவியலாளர் ஹரோல்ட் காங்க்ளின், ஒரே புனத்தில் ஒரே சமயம் 40-க்கும் மேற்பட்ட பயிர்கள் இருப்பதைப் பதிவுசெய்தார். ஏனோதானோ என்று எரித்துவிட்டுத் தூவுகிறார்கள் என்ற பேச்சு, அறிஞர்கள் மத்தியிலாவது, அதற்குப் பிறகு எடுபடவில்லை.

இந்தக் கலப்புக்குக் காரணம் இருக்கிறது. மேலே உயரமான பயிர், நடுவில் கொடி, கீழே படர்வது, மண்ணுக்குள் கிழங்கு என்று அடுக்கு விழுவதால் கொட்டுகிற மழை நேராக மண்ணில் அடிப்பதில்லை. ஒரு பயிரைப் பூச்சி தின்றால் இன்னொன்று தப்பும். முக்கியமாக, அறுவடை ஒரே நாளில் வருவதில்லை. முதலில் வெள்ளரி, கீரை, அப்புறம் சோளம், சிறுதானியம், கடைசியில் துவரை, எல்லாம் முடிந்தபின் கிழங்கு. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டுக்கு இதுதான் சேமிப்பு. கிழங்கு மண்ணுக்குள்ளேயே இருக்கட்டும், வேண்டும்போது தோண்டிக்கொள்ளலாம்.

நமக்கு இது புதுசே இல்லை. சங்கப் பாடல்களில் குறிஞ்சி நிலம் முழுக்கப் புனம்தான். மரத்தை வெட்டிச் சுட்ட இடத்தில் செந்தினை விளைகிறது. புனத்தில் எரிகிற அகில் கட்டையின் மணப்புகை மலைச்சாரலில் இறங்கிக் குறவர் குடிக்கு வருகிறது. புறநானூற்றில் ஒரு பாட்டில் குறவர்கள் நிலத்தை உழுவதே இல்லை, காட்டுப்பன்றி கிழங்குக்காகக் கிளறிப்போட்ட புழுதியில் நாள் பார்த்துத் தினையை விதைக்கிறார்கள். பரண் மேல் உட்கார்ந்து கிளி ஓட்டும் பெண்ணிடம் தழல், தட்டை, குளிர் என்று மூன்று விதமான ஓட்டுக் கருவிகள் இருக்கின்றன. நாமோ அந்தப் பரணைக் காதலுக்கான மேடையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். வள்ளி அங்கே உட்கார்ந்திருந்தது வேலைக்கு. கதிர் முற்றுகிற மாதத்தில் காவல் இல்லாவிட்டால் கிளியும் பன்றியும் ஒரு குடும்பத்தின் வருஷச் சாப்பாட்டை ஒரு வாரத்தில் முடித்துவிடும். மிசோரம் புனங்களில் இன்றும் அந்த மாதிரிக் குடில் நிற்கிறது, த்லாம் என்பார்கள்.

## கணக்கு எங்கே உடைகிறது?

இனிமேல்தான் விஷயம். இவ்வளவு நல்ல முறை என்றால் ஏன் இத்தனை மலைகள் மொட்டையாக இருக்கின்றன?

ஒரு குடும்பம் வருஷத்துக்கு ஒரு துண்டு வெட்டுகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 15 வருஷச் சுழற்சி வேண்டுமானால் 15 துண்டு வேண்டும். எந்த வருஷம் போய்ப் பார்த்தாலும் ஒன்றில் பயிர் இருக்கும், 14-இல் வெவ்வேறு வயதுக் காடு இருக்கும். வெளியில் இருந்து வருகிற அதிகாரி என்ன எழுதுவார்? 'ஒரு துண்டு சாகுபடி, 14 துண்டு ஆளில்லாக் காடு.' சரி, ஆளில்லாக் காடுதானே என்று 8 துண்டை அரசு எடுத்துக்கொள்கிறது. மிச்சம் 7. சாப்பாடு அதே சாப்பாடு, ஆகவே இப்போது 7 வருஷத்துக்கு ஒருமுறை அதே இடம் வெட்டப்படும். பிள்ளைகள் தனிக்குடித்தனம் போய் நிலம் இரண்டாகப் பிரிந்தால் மூன்று, நாலு வருஷத்துக்கு ஒருமுறை. மரம் எழும்பவே நேரமில்லை, நிழல் இல்லை, களை சாகவில்லை, கட்டையும் திரும்பத் திரும்ப வெட்டுப்பட்டு ஓய்ந்து, கடைசியில் புல்லும் மூங்கிலும் மட்டும் மிஞ்சும். மேகாலயாவில் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்த சூழலியலாளர் பி. எஸ். ராமகிருஷ்ணன் கண்டதும் இதைத்தான்: சுழற்சி 10 வருஷத்துக்குக் குறையாமல் இருக்கிறவரை முறை தாங்குகிறது, 5 வருஷத்துக்கு இறங்கினால் மண் இழப்பு அதிகமாகி விளைச்சல் சரிகிறது.

அந்த 8 துண்டு எப்படிப் போனது என்பது வரலாற்றில் தெளிவாக இருக்கிறது. ரயில் தண்டவாளக் கட்டைக்கும் கப்பலுக்கும் மரம் வேண்டியிருந்த காலம். காட்டை மரக்கிடங்காகப் பார்த்தவர்களுக்குத் தீ முதல் எதிரி. சென்னை மாகாண வனச் சட்டம் 1882-இல் வந்தது. காப்புக்காடு ஆன இடத்தில் பொடு வெட்டுவது குற்றம் ஆனது. கோதாவரி, விசாகப்பட்டினம் மலைகளில் 1922 முதல் 1924 வரை அல்லூரி சீதாராம ராஜு நடத்திய ரம்பா கிளர்ச்சிக்கு இந்தப் பொடு தடை ஒரு முக்கியக் காரணம். மத்திய இந்தியாவில் பைகா மக்கள், ஏர் உழுவது பூமித்தாயின் மார்பைக் கிழிப்பது என்று சொல்லி மறுத்தார்கள். கடைசியில் 1890-இல் 'பைகா சக்' என்று ஒரு பகுதியை ஒதுக்கி, அதற்குள் மட்டும் பேவார் செய்துகொள்ள விட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்திய வனத்துறையின் முதல் தலைவரான டீட்ரிக் பிராண்டிஸ் அதற்கு முன்னால் பர்மாவில் இருந்தபோது, அங்கே கரேன் மக்கள் எரித்துப் பயிர் செய்கிற மலைப்புனங்களிலேயே தேக்கங்கன்றை நடவைத்தார். அவர்கள் பயிரை எடுத்துக்கொண்டு நகர்வார்கள், தேக்கு வளரும், அரசுக்கு லாபம். தௌங்யா என்ற அந்த முறையின் பர்மியப் பெயருக்கே மலைப்புனம் என்றுதான் பொருள். தேக்குக்காக என்றால் தீ நல்ல தீ ஆகிவிட்டது.

இலங்கையில் நடந்தது தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமான கதை. 1840-இல் பிரிட்டிஷார் கொண்டுவந்த 12-ஆம் இலக்கச் சட்டம், காடும் பயிரிடாத நிலமும் அரசுக்குச் சொந்தம் என்றது. கண்டிப் பகுதியில் சேனை நிலங்களையும், அதாவது சில வருஷம் இடைவெளி விட்டு மட்டுமே பயிர் செய்யக்கூடிய நிலங்களையும், பட்டயம் போன்ற சான்று காட்டாவிட்டால் அரசுக்குச் சொந்தம் என்றே கொள்ளச் சொன்னது. தரிசுக்காலம் என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை, சட்டத்திலேயே அதன் வரையறையை எழுதித்தான் எடுத்துக்கொண்டார்கள். இந்தச் சட்டத்தின் வழியாக அரசு கைக்கு வந்த மலைகள் காப்பித் தோட்டங்களாயின, பிறகு தேயிலை. அங்கே வேலைக்கு என்று தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருந்து கூட்டிப்போனவர்களின் வாரிசுகள்தான் இன்றைய மலையகத் தமிழர்.

ஆக, சுழற்சி குறுகியதற்கு மக்கள்தொகை ஒரு காரணம், நிலம் பறிபோனது இன்னொரு காரணம். முதலாவதை எல்லாரும் சொல்வார்கள், இரண்டாவதை விட்டுவிடுவார்கள். நிலம் விரிந்தும் ஆள் குறைந்தும் இருக்கிற இடத்தில்தான் புனம் தாங்கும் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். நூறு குடும்பம் இருக்கிற மலையில் ஆயிரம் குடும்பம் வந்தால் எந்தப் பாரம்பரிய அறிவும் இந்தக் கணக்கை நேர்செய்யாது.

## எல்லாப் புகையும் ஒன்றில்லை

1997-இலும் 2015-இலும் சிங்கப்பூர், மலேசியாவில் இருந்தவர்களுக்குப் புகைமூட்டம் மறக்காது. பக்கத்து பிளாக் தெரியாது, பள்ளிகளுக்கு விடுமுறை, கடைகளில் முகக்கவசம் தீர்ந்துபோனது. சுமாத்ராவிலும் கலிமந்தானிலும் எரிந்த நெருப்பு அது. சிறு விவசாயிகள் எரிக்கிறார்கள் என்று விரலை நீட்டுவது அப்போது சுலபமாக இருந்தது. ஆனால் செயற்கைக்கோள் படங்கள் பெரிய பெரிய தீயைச் செம்பனை (பாமாயில் தரும் மரம்), காகித மரத் தோட்டங்களுக்கு ஒதுக்கிய நிலங்களில் காட்டின. அதிலும் வடிகால் வெட்டிக் காயவைத்த கரிச்சதுப்பு நிலம், அதாவது பாதி மக்கிய செடிகொடிகள் ஆழமாகக் குவிந்த நிலம், மேலே அணைந்தாலும் உள்ளே வாரக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும்.

அங்கே எரித்தவர்கள் காட்டை வளரவிட்டுத் திரும்பி வருகிறவர்கள் இல்லை. நிரந்தரமாக அகற்றிவிட்டு ஒற்றைப் பயிர் நடுகிறவர்கள். அமேசானில் மாட்டுப் பண்ணைக்காக எரிப்பதும் அந்த வகைதான். 'வெட்டி எரித்தல்' என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் போடுவதால் ஒருவர் செய்ததற்கு இன்னொருவர் திட்டு வாங்குகிறார். பிரித்தறிய ஒரே கேள்வி போதும்: எரித்த இடத்தில் பத்து வருஷம் கழித்து என்ன இருக்கும்?

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மலைவாழ் மக்கள் எல்லாரும் புனம் வெட்டியவர்கள் இல்லை. நீலகிரியை மட்டும் பாருங்கள்: தோடர்கள் எருமை வளர்த்தார்கள், கோத்தர்கள் இரும்பு வேலையும் மண்பாண்டமும் இசையும், குறும்பர்கள் காட்டில் சேகரிப்பதோடு கொஞ்சம் புனம், படுகர்கள் விவசாயம். ஒருவர் பொருள் இன்னொருவருக்குப் போயிற்று. ஆனைமலைக் காடர்கள் தேனும் கிழங்கும் சேகரித்து வாழ்ந்தவர்கள், பக்கத்திலேயே இருக்கிற முதுவர்கள் கேழ்வரகுப் புனம் போட்டவர்கள். 'பழங்குடி வாழ்க்கை முறை' என்று ஒருமையில் எழுதுகிற எந்தக் கட்டுரையையும் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள்.

## இப்போது என்ன நடக்கிறது

நாகாலாந்தில் கோஹிமாவுக்குப் பக்கத்தில் கோனோமா என்று ஓர் அங்காமி கிராமம். அங்கே புனத்துக்குள் ஆல்டர் மரத்தை வேண்டுமென்றே வளர்க்கிறார்கள். வெட்டும்போது ஆள் உயரத்துக்கு அடிமரத்தை விட்டு மேலே மட்டும் கழிப்பார்கள், வெட்டு வாயில் மண்ணைப் பூசி மூடுவதும் உண்டு. வருஷக்கணக்காக இப்படி வெட்டுப்பட்ட மரம் பார்க்கவே விசித்திரமாக, முஷ்டியை மடக்கி உயர்த்தின கை மாதிரி முண்டு முண்டாக நிற்கும், அந்த முண்டில் இருந்து கொத்தாகத் துளிர் கிளம்பும். இதன் வேர் முடிச்சுகளில் இருக்கிற நுண்ணுயிர்கள் காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் சேர்க்கின்றன, நம் ஊரில் உளுந்தும் தக்கைப்பூண்டும் செய்கிற அதே வேலை. புகையில் போன சத்தை மரமே திருப்பிக் கொடுத்துவிடுவதால் இரண்டு வருஷம் பயிர், இரண்டிலிருந்து நாலு வருஷம் ஓய்வு என்ற குறுகிய சுழற்சியே போதுமானதாக இருக்கிறது. எந்த விவசாயப் பல்கலைக்கழகமும் வந்து சொல்லிக்கொடுத்தது இல்லை.

சட்டமும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2006-இன் வன உரிமைச் சட்டம், காட்டில் வாழ்கிறவர்களுக்கு அந்த நிலத்தின் மேல் உரிமை உண்டு என்று ஒத்துக்கொண்டது. 2018-இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை, ஜூம் நிலத்தை மரமும் பயிரும் சேர்ந்த வேளாண் நிலமாகவே வகைப்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. இதில் என்ன பெரிய விஷயம் என்றால், விவசாய நிலம் என்று தாளில் இல்லாதவரை கடனோ காப்பீடோ கேட்டு வங்கிப் படி ஏற முடியாது. ஊர்ப் பொது நிலம், மிசோரமில் கிராமக் குழு சீட்டுக் குலுக்கி யாருக்கு எந்தத் துண்டு என்று பிரித்துக்கொடுக்கிற நிலம், அதற்கு யார் பெயரில் பட்டா காட்டுவது?

மறுபக்கம், 2021-இல் தொடங்கிய சமையல் எண்ணெய் இயக்கம் வடகிழக்கில் செம்பனையை ஊக்குவிக்கிறது. திரிபுராவில் ரப்பர் ஏற்கெனவே பரவிவிட்டது. இதில் ஒரு கணக்கு விநோதம் உண்டு. நம் நாட்டு வனப்பரப்புக் கணக்கெடுப்பில், ஒரு ஹெக்டேர் அளவும் 10 சதவீத மரக்கவிப்பும் (மேலிருந்து பார்த்தால் மரத்தலைகள் மூடியிருக்கிற பரப்பு) இருந்தால் அது வனப்பரப்பு, என்ன மரம், யாருடையது என்ற கேள்வி இல்லை. ஆகவே ரப்பர் தோட்டம் எல்லா வருஷமும் வனம். புனமோ வெட்டின வருஷம் 'வன இழப்பு', வளர்ந்த வருஷம் 'வன அதிகரிப்பு'. அறிக்கை வந்ததும் இழப்பு மட்டும் தலைப்புச் செய்தியாகும்.

மார்ச் கடைசியில் ஐஸாலுக்கோ கோஹிமாவுக்கோ போக வாய்த்தால், வண்டி வளைவில் திரும்பும்போது கருகிப்போன ஒரு சரிவு கண்ணில் படும், படம் எடுக்கத் தோன்றும். எடுங்கள். அப்படியே பக்கத்துச் சரிவுகளையும் படத்துக்குள் கொண்டுவாருங்கள். ஒன்றில் அறுத்த பயிரின் பழுப்பு நிறத் தாள்களுக்கு நடுவே இடுப்பளவு புதர் இருக்கும், அது போன வருஷத்துப் புனம். அதற்கு அடுத்ததில் வெளிறின பச்சை, மூன்று நாலு வயது. இன்னும் தள்ளி மூங்கில் கலந்த அடர்பச்சை. உச்சிக்குக் கீழே கருத்த பச்சையில் ஒரு துண்டு நிற்கும். டீக்கடையில் வண்டி நிற்கும்போது அதைக் காட்டி எந்த வருஷம் வெட்டப்போகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், அவர்களிடம் பதில் இருக்கும்.